ஏத்தம்பழம் பொரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காடு, ஏர்வாடி, சேரன்மகாதேவி பக்கம் ஏத்தன் (நேந்திரன் வாழை) தார் வெட்ட ஆரம்பித்துவிட்டால், சொந்தக்காரர் வயலிலிருந்து ஒரு சீப்பாவது வீடு வந்து சேரும். கொஞ்சம் அவித்துத் தின்போம், கொஞ்சம் பிள்ளைகளுக்குப் போகும். மிச்சத்தைப் பொரித்துவிடலாம் என்று சீனிச்சட்டியை (வாணலியை) அடுப்பில் ஏற்றும்போதுதான் சந்தேகங்கள் வரும். பக்கத்து வீட்டிலும் உறவுக்காரர்களிடையிலும் வழக்கமாகக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பொரிக்க ஏத்தன்தான் வேணுமா? வீட்ல கிடக்கிற நாட்டுப்பழம் போதாதா?

ஏத்தன்தான் வேண்டும். கடைப் பலகையில் நேந்திரம்பழம் என்று எழுதியிருப்பதும் இதுதான். மற்றப் பழங்கள் பழுத்து முடிக்கும்போது அவற்றின் மாவுச்சத்து ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையாக மாறிவிடும். கதலியையோ ரஸ்தாளியையோ கோழிக்கூட்டையோ எண்ணெயில் போட்டால் துண்டு நிற்காது, குழைந்து சட்டியோடு ஒட்டும். ஏத்தன் நன்றாகக் கனிந்த பிறகும் கொஞ்சம் மாவுச்சத்தை மிச்சம் வைத்திருக்கும். அந்த மிச்சம்தான் துண்டு உடையாமல் நிற்பதற்குக் காரணம்.

செவ்வாழை கொஞ்சம் கெட்டியாக இருந்தால் மாவில் தோய்த்துப் பொரிக்கலாம், பரவாயில்லாமல் வரும். மாவில்லாமல் வேண்டாம். நாகர்கோவில் பக்கமிருந்து யாராவது மட்டிப்பழம் கொண்டுவந்தால் தயவுசெய்து அதை எண்ணெயில் போடாதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. உரித்து அப்படியே வாயில் போட வேண்டியது.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஏத்தன் முற்றினாலும் பழத்தில் விளிம்புகள் லேசாகத் தெரியும், அது அதன் குணம். ஆனால் விளிம்பு கூராக எடுத்து நின்று, பழம் ஒல்லியாக இருந்தால் விளையுமுன்னே தாரை வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். ஓணத்துக்கு முன்னால் கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகும், விலையும் ஏறும். அந்த அவசரத்தில் இப்படிப்பட்ட தாரும் சந்தைக்கு வரும். அது எத்தனை நாள் வைத்தாலும் தோல் சுருங்குமே தவிர இனிப்பு ஏறாது. சிப்ஸ் போடலாம், இல்லாவிட்டால் புளி விட்டுப் பொரியல் செய்யலாம்.

எவ்வளவு பழுத்திருக்க வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால் மற்றதில் பாதிக்கு மேல் கேட்கவே வேண்டியிருக்காது. நம் வீடுகளில் தோல் மஞ்சளானவுடனே "பழுத்திட்டு" என்று அடுப்பில் ஏற்றிவிடுகிறோம். பிறகு இனிப்புப் பத்தவில்லை என்று மேலே சீனியைக் கொட்டுகிறோம்.

முழு மஞ்சளாக, அழுத்தினால் கெட்டியாக இருக்கிற பழம் அவித்துத் தின்ன நன்றாக இருக்கும். பொரித்தால் உள்ளே மாவு மாவாகத் தட்டுப்படும், லேசான துவர்ப்பும் இருக்கும். மஞ்சளில் கரும்புள்ளி விழுந்து, அழுத்தினால் விரல் கொஞ்சம் பதிகிற பழம் மாவில் தோய்த்துப் பொரிக்கத் தோதானது. மாவில்லாமல் வெறும் பழமாகப் பொரிக்க வேண்டுமென்றால் தோலில் பாதிக்கு மேல் கறுத்திருக்க வேண்டும். பார்க்க அழுகல் போலத் தெரியும். உரித்துப் பார்த்தால் உள்ளே வெண்ணெய் நிறத்தில், வாசனையோடு, சேதமில்லாமல் இருக்கும். கடைக்காரர் அந்தப் பழத்தை ஓரமாகத் தள்ளி வைத்திருப்பார். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் சாயங்காலம் போனால் அதைப் பாதி விலைக்குக் கேட்டு வாங்கலாம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தோல் முழுக்கக் கறுத்தாலும் பயமில்லை. தோல் வெடித்து நீர் வடிந்தாலோ, காம்புப் பக்கம் பூஞ்சை பிடித்திருந்தாலோ, புளித்த கள் வாசனை அடித்தாலோதான் தூரப் போட வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்றை மனதில் வையுங்கள்: பழம் கனியக் கனிய அடுப்புத் தீ குறைய வேண்டும். சர்க்கரை கூடினால் நிறம் சீக்கிரம் ஏறும், அதே வேகத்தில் கருகவும் செய்யும். மஞ்சள் பழத்துக்கு வைக்கிற தீயைக் கறுத்த பழத்துக்கு வைத்தால் இரண்டு நிமிடத்தில் கரிதான்.

பழம் கல்லு மாதிரி இருக்கு. சீக்கிரம் பழுக்க வைக்க வழி உண்டா?

உண்டு. சீப்பைத் தாளில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்து மூடுங்கள். பழம் தன்னிடமிருந்து எத்திலீன் என்கிற வாயுவை விடும், அதுதான் பழுக்க வைப்பது. மூடிய இடத்தில் அது வெளியே போகாமல் தங்கி வேலையைச் சீக்கிரம் முடிக்கும். கூடவே நன்றாகப் பழுத்த வேறு வாழைப்பழம் ஒன்றிரண்டை வைத்தால் இன்னும் வேகம். அப்படியும் மஞ்சளாக ஒன்றிரண்டு நாள், மஞ்சளிலிருந்து கறுக்க மேலும் சில நாள் ஆகும். சித்திரை வெயிலில் சீக்கிரம், மார்கழியில் மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை பொரிக்க நினைத்தால் புதன்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைப்பழத்துக்குக் குளிர் தாக்கிவிடும். தோல் கறுக்கும், ஆனால் உள்ளே பழுக்காது. கறுப்பைப் பார்த்துக் கனிந்துவிட்டது என்று ஏமாறுவோம். முழுக்கக் கனிந்த பிறகு, நாளைக்குத்தான் செய்யப் போகிறேன் என்றால் ஒரு நாள் வைக்கலாம்.

கல் வைத்துப் பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை அளவாக விட்டுப் பழுக்க வைக்க அனுமதி உண்டு, அதில் பயப்பட ஒன்றுமில்லை. தோல் ஒரே மாதிரி பளீர் மஞ்சள், காம்பு மட்டும் பச்சை, உரித்தால் வாசனையே இல்லை என்றால் சந்தேகப்படலாம். அதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. தெரிந்தவர் தோட்டத்துக் காயை வாங்கி வீட்டில் பழுக்கப் போடுவது நிம்மதி.

எப்படி வெட்ட வேண்டும்?

மாவில்லாமல் என்றால் சாய்வாக, சுண்டுவிரல் கனத்துக்கு. மெல்லிசாக வெட்டினால் உள்ளே மெதுவு இல்லாமல் காய்ந்துபோகும். மாவில் தோய்க்க என்றால் பழத்தைக் குறுக்கே இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் மூன்றாகக் கீறுங்கள். நடுவில் ஓடுகிற கறுப்பு நரம்பை எடுக்கத் தேவையில்லை. சிலர் எடுக்கிறார்கள், எனக்கு அதில் ருசி வித்தியாசம் தெரியவில்லை.

வெட்டி நேரம் போக வைக்காதீர்கள். எண்ணெய் காய்ந்த பிறகு வெட்டினால் போதும்.

மாவு எதுவும் இல்லாமல் வெறும் பழத்தைப் பொரிப்பது எப்படி?

எனக்குப் பிடித்தது இதுதான். நம்மூரில் இதைச் செய்கிறவர்கள் குறைவு. பழம் பொரிப்பது என்றாலே மாவுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அடி கனமான சட்டி அல்லது குழிவான தோசைச்சட்டியில் அரை விரல் கனத்துக்கு எண்ணெய் விடுங்கள். முக்கிப் பொரிக்க வேண்டாம், துண்டின் பாதி நனைந்தால் போதும். மிதமான தீயில் எண்ணெய் காயட்டும். வெப்பமானி இருந்தால் 150 முதல் 160 டிகிரி. இல்லாவிட்டால் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள்: ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி அமைதியாக வர வேண்டும். சடசடவென்று பொங்கினால் சூடு அதிகம். ஒன்றுமே நடக்காமல் கிடந்தால் போதாது.

துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, சிட்டிகை உப்பு தூவி, அப்படியே விட்டுவிடுங்கள். கரண்டியை வைத்து நோண்டினால்தான் உடையும். இரண்டு மூன்று நிமிடத்தில் அடிப்பக்கம் பொன்னிறமாகி, தானாகவே சட்டியை விட்டுக் கழன்று வரும். திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் இரண்டு நிமிடம். நடுவில் தேன் நிறம், ஓரத்தில் கருப்பட்டி நிறம் வரும்போது எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் துண்டில் இருக்கிற சூட்டில் நிறம் இன்னும் கொஞ்சம் ஏறும், அதனால் நீங்கள் நினைக்கிற நிறத்துக்கு ஒரு படி முன்பே எடுப்பது நல்லது.

சீனி தேவையே இல்லை. உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தச் சிட்டிகை இல்லாவிட்டால் இனிப்பு திகட்டும்.

எந்த எண்ணெய் நல்லது?

வெறும் பழத்துக்குத் தேங்காய் எண்ணெய். ஏத்தனும் தேங்காய் எண்ணெயும் சேர்கிற வாசனைக்கு ஈடு கிடையாது. செக்கில் ஆட்டிய எண்ணெய் சீக்கிரம் புகைய ஆரம்பிக்கும், ஆனால் இங்கே தீ குறைவு என்பதால் பிரச்சினை இல்லை. தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. திருநெல்வேலி டவுன் பக்கம் தேங்காய் எண்ணெயில் பலகாரமா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கடலை எண்ணெயில் செய்யட்டும், குறைவொன்றும் இல்லை. நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசனை பழத்தை அமுக்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துபோய் மிச்சத்துக்கு வேறு எண்ணெயைக் கலந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து சூடானால் நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும், ஆபத்தும்கூட.

வெளியே கருகிவிட்டது, உள்ளே வேகவே இல்லை. ஏன்?

தீ அதிகம், அல்லது துண்டு ரொம்பக் கனம். பழம் காயாக இருந்து, நிறத்துக்காக வெளியே சீனி புரட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். சீனி கருகி முடிக்கும்போது பழம் சூடேறக்கூட ஆரம்பித்திருக்காது.

எண்ணெய் குடித்துவிடுகிறதே?

இதற்குப் பல காரணம். எண்ணெய் காயாமல் போட்டால் குடிக்கும். சட்டி கொள்ளாமல் ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு தணிந்து, அப்போதும் குடிக்கும். மாவில் சமையல் சோடா கூடினாலும், மாவு நீர்த்துப்போனாலும் இதே கதைதான்.

பலர் கவனிக்காத காரணம் வேறு. பழம் எண்ணெயில் இருக்கும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அவ்வளவாக உள்ளே போக முடியாது. வெளியே எடுத்து ஆறும்போதுதான் நீராவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கிற எண்ணெய் உள்ளே இழுக்கப்படும். அதனால் ஜல்லிக்கரண்டியில் எடுத்தவுடன் சட்டிக்கு மேலேயே இரண்டு மூன்று தட்டு தட்டி வடித்துவிடுங்கள். பிறகு ஓட்டை உள்ள இட்லித் தட்டில் தனித்தனியாகப் பரப்பி வையுங்கள். கிண்ணத்தில் குவித்தால் அடியில் இருப்பது எண்ணெயில் ஊறும். செய்தித்தாளில் போடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது, அந்த அச்சு மை சூட்டில் பலகாரத்தில் ஒட்டும்.

மாவில் தோய்த்துச் செய்ய அளவு சொல்லுங்கள்.

மூன்று ஏத்தம்பழத்துக்கு: மைதா ஒரு கப், அரிசி மாவு இரண்டு மேஜைக்கரண்டி, சீனி ஒரு மேஜைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, தட்டிய ஏலக்காய் இரண்டு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இட்லி மாவுப் பக்குவத்துக்குக் கரையுங்கள். முக்கால் கப்புக்கு மேல் தேவைப்படாது. துண்டைத் தோய்த்துத் தூக்கினால் மாவு பழத்தில் படிந்து நிற்க வேண்டும், ஒழுகி ஓடக் கூடாது.

சோடாவுக்குப் பதில் ஒரு கரண்டி புளித்த தோசை மாவைச் சேர்த்து அரை மணி நேரம் வையுங்கள். மேல் ஓடு மொறுமொறுப்பாகவும் லேசாகப் பொங்கியும் வரும். கறுப்பு எள் அரைத் தேக்கரண்டி போட்டால் வாசனை நன்றாக இருக்கும். மைதா வேண்டாம் என்கிறவர்கள் கோதுமை மாவில் செய்யலாம். ஓடு கொஞ்சம் தடிப்பாக இருக்கும், அரிசி மாவை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கு எண்ணெய் 170 டிகிரி அளவுக்குக் காய வேண்டும், துண்டு முங்குகிற அளவுக்கு நிறைய இருக்க வேண்டும். ஒரு சொட்டு மாவைப் போட்டால் உடனே மேலே எழும்பி வர வேண்டும். போட்டதும் தீயை மிதமாக்கி, இரண்டு முறை திருப்பி, நான்கு நிமிடத்தில் எடுக்கலாம்.

வாழைக்காய் பஜ்ஜிக்குக் கடலை மாவுதானே? இதற்கும் அதையே போட்டால் என்ன?

போட்டால் வேகும். ஆனால் கடலை மாவின் வாசனைக்கு மிளகாய்த்தூளும் பெருங்காயமும்தான் ஜோடி. பழத்தின் இனிப்போடு சேராது.

குற்றாலம், செங்கோட்டை டீக்கடைப் பழம்பொரி மாதிரி வீட்டில் வரவில்லையே?

செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிவரை மலையாளச் சீமையோடு இருந்த ஊர். அந்தப் பக்கத்து டீக்கடைகளில் பழம்பொரி தட்டு காலியாகாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே நின்று தின்றால் எதுவுமே ருசிக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயத்துக்கு வருவோம். கடைக்காரரிடம் பெரிய சட்டியில் படி படியாக எண்ணெய் காய்கிறது. பத்துத் துண்டு போட்டாலும் அதன் சூடு இறங்காது. வீட்டில் கால் லிட்டர் எண்ணெயில் ஆறு துண்டு போட்டால் சூடு சட்டென்று தணிந்து, மாவு வேகாமல் ஊறிவிடும். அதனால் சின்னச் சட்டியை எடுத்து எண்ணெயை ஆழமாக விட்டு, ஒரு ஈட்டுக்கு இரண்டு மூன்று துண்டு மட்டும் போடுங்கள். மாவையும் நீங்கள் நினைப்பதைவிடக் கெட்டியாகக் கரையுங்கள். கடையில் பெரும்பாலும் பாமாயில்தான் ஓடும், அந்த ருசிதான் வேண்டுமென்று அடம்பிடிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கருப்பட்டியில் புரட்டிச் செய்யலாமா?

தாராளமாக. மூன்று பழத்துக்கு 100 கிராம் கருப்பட்டியைத் தட்டி, மூழ்குகிற அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டுங்கள். மண் இல்லாத கருப்பட்டி அபூர்வம், வடிகட்டாமல் செய்யவே கூடாது. மறுபடி அடுப்பில் வைத்து, விரலில் தொட்டால் பிசுபிசுக்கிற வரை சுண்டியதும் சுக்குப்பொடி, ஏலக்காய்ப்பொடி போட்டு இறக்குங்கள். கம்பிப் பதம்வரை போக வேண்டாம், ஆறியதும் கல்லாகிவிடும். பொரித்த வெறும் பழத்தை இதில் ஒரு புரட்டுப் புரட்டி, மேலே தேங்காய்த் துருவல். இதற்கு மட்டும் அதிகம் கனியாத, புள்ளி விழுந்த பழத்தை எடுங்கள். கறுத்த பழமும் கருப்பட்டியும் சேர்ந்தால் இரண்டு துண்டுக்கு மேல் யாராலும் தின்ன முடியாது.

சீனி கலக்காத கருப்பட்டியாகப் பார்த்து வாங்குங்கள். உடன்குடிப் பக்கம் தெரிந்தவர் இருந்தால் அது ஒரு பாக்கியம்.

மகன் வெளிநாட்டில் இருக்கான். அங்க ஏத்தன் கிடைக்குமா அக்கா?

வளைகுடா நாடுகள் என்றால் மலையாளிகள் நடத்துகிற கடைகளில் ஏத்தனே கிடைக்கும். அமெரிக்கா, லண்டன் பக்கம் ஆப்பிரிக்க, கரீபியக் கடைகளில் பிளான்டைன் என்று பெரிதாக இருக்கும் பழத்தை வாங்கச் சொல்லுங்கள். ஏத்தனும் அந்த வகைதான்.

அந்த நாட்டுக்காரர்கள் இதில் நம்மைவிடக் கைதேர்ந்தவர்கள். நைஜீரியாவில் கனிந்த பழத்தை வெறுமனே பொரித்து டோடோ என்கிறார்கள், சோற்றோடு வைத்துச் சாப்பிடுவார்கள். கானாவில் இஞ்சியும் மிளகாயும் உப்பும் புரட்டிப் பொரித்தால் கெலவெலே. கியூபாவிலும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் மாதுரோஸ். அங்கே தோல் நன்றாகக் கறுக்கும்வரை காத்திருப்பது சாதாரண வழக்கம்.

கானாக்காரர் வழியை நம் சாமானில் செய்யலாம்: துண்டுகளில் சுக்குப்பொடி, மிளகுத்தூள், உப்பு புரட்டிப் பொரியுங்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளவும் அருமையாக இருக்கும். தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக் குழம்புக்கு உருளைக்கிழங்கு சிப்ஸும் இஞ்சித் துவையலும் வைப்பது நம் வழக்கம். அந்த இலையில் ஓரமாக நான்கு துண்டு பொரித்த ஏத்தம்பழம் வைத்துப் பாருங்கள். தேங்காய்ப்பாலுக்கும் இஞ்சிக் காரத்துக்கும் நடுவில் அந்த இனிப்பு அழகாக உட்காரும். மறுவீட்டு விருந்தில் வைக்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

ஏர் ஃப்ரையரில் வருமா?

வெறும் பழம் வரும். துண்டுகளில் எண்ணெய் தடவி 180 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்ப வேண்டும். ஓரம் அவ்வளவு மொறுமொறுப்பாகாது. மாவில் தோய்த்தது வராது, மாவு ஒழுகிவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் கொடுக்கலாமா?

பிள்ளைகளுக்குத் தோசைக்கல்லில் இரண்டு கரண்டி நெய் விட்டு, மெதுவான தீயில் வாட்டிக் கொடுங்கள், அதுவே போதும். கைக்குழந்தை என்றால் பொரித்தது வேண்டாம், அவித்து நரம்பெடுத்து மசித்துக் கொடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் விஷயத்தில் சமாதானம் சொல்ல முடியாது. கனிந்த ஏத்தன் 100 கிராமில் 30 கிராமுக்கு மேல் மாவும் சர்க்கரையுமாகத்தான் இருக்கிறது, பொரிப்பதால் அது குறையாது. கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாது என்று ஆச்சிகள் சொல்வதையும் நம்ப வேண்டாம். வீட்டில் எல்லாரும் தின்னும்போது வாய் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றால், டாக்டர் சொன்ன உணவுக் கணக்குக்குள் ஒரு துண்டு.

மிஞ்சினால் மறுநாளைக்கு வைக்கலாமா?

மாவு தோய்த்தது வைக்கத் தகாது, தொளதொளவென்று ஆகிவிடும். வெறும் பழத்தை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் சூடு செய்தால் நன்றாகவே இருக்கும்.

பழம் குழைந்து, வெட்டவே முடியாமல் போய்விட்டது. என்ன செய்ய?

மசித்து, அரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்ச் சில்லு, ஏலக்காய் சேர்த்துக் கெட்டியாகக் கலந்து பணியாரக் குழியில் நெய் விட்டுச் சுடுங்கள். பொரிக்கவென்று வாங்கிய பழத்தில் இரண்டைக் குழையவிட்டு இதற்கென்றே ஒதுக்குகிற வீடுகளும் உண்டு.

மீன் பொரித்த எண்ணெயில் பழம் பொரிக்கலாமா?

வேண்டாம். எவ்வளவு வடிகட்டினாலும் வாசனை பழத்தில் ஏறிவிடும். பழம் பொரித்த எண்ணெயில் மறுநாள் மீன் பொரிக்கலாம். அடியில் கிடக்கும் கருகல் சர்க்கரையைத் துணியில் வடிகட்டிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மீனில் கரும்புள்ளியாக ஒட்டிக் கசக்கும். எண்ணெய் கறுத்துப் பிசுபிசுத்திருந்தால் மீனுக்கும் வேண்டாம்.